சிரிப்பும் தாடை எலும்பும்

சிலர் சிரிக்கும்போது பல் மட்டும் தெரியும். சிலருக்குப் பல்லுக்கு மேலே ஈறும் தெரியும். கொஞ்சம் தெரிந்தால் யாரும் கவனிப்பதில்லை. பட்டையாகத் தெரிந்தால் கேலி பேசுகிறார்கள். கேலிக்குப் பயந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பவர்கள் உண்டு. போட்டோ எடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்பவர்கள் உண்டு.

இன்னும் சிலருக்கு முகம் கோணலாக இருக்கும். மோவாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சிரித்தால் ஒரு பக்கம் ஈறு அதிகம் தெரியும். மறு பக்கம் பல்லே சரியாகத் தெரியாது.

மேல் தாடை எலும்பை அறுத்து, சரியான இடத்தில் மாற்றி வைத்து, இந்தக் குறைகளைச் சரிசெய்ய முடியும். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆனால் ஈறு தெரிகிற எல்லோருக்கும் இது தேவையில்லை. சொல்லப்போனால் பலருக்குத் தேவையில்லை. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஈறு ஏன் தெரிகிறது?

பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள மிகச் சிறிய கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 1 மில்லிமீட்டர். சிரிக்கும்போது 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஈறு தெரிவது குறையே அல்ல. இளம் பெண்களுக்கு இது சாதாரணம். 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியத் தொடங்கும்.

அப்படி அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் ஒன்றல்ல. உதட்டில் இருக்கலாம். ஈறில் இருக்கலாம். பல்லில் இருக்கலாம். எலும்பில் இருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம்.

சிலருக்கு மேல் உதடு குட்டையாக இருக்கும். சிலருக்கு உதட்டின் நீளம் சரியாகவே இருக்கும். ஆனால் சிரிக்கும்போது உதட்டைத் தூக்கும் தசை அதை மிகவும் மேலே இழுத்துவிடும். இவர்களுக்கு எலும்பில் குறை இல்லை. தசையைத் தளர்த்த போடாக்ஸ் என்ற ஊசி போடுகிறார்கள். அதன் பலன் சில மாதங்கள்தான். பிறகு மறுபடியும் போட வேண்டும்.

சிலருக்கு ஈறு பல்லின் மேல் பாதி வரை மூடியிருக்கும். முன் பல் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஆனால் 6, 7 மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். பல் குட்டையாக, சதுரமாக இருப்பது போலத் தோன்றும். ஈறை அளவாக வெட்டினாலே போதும். சில சமயம் அதனுடன் பல்லைச் சுற்றியுள்ள எலும்பின் விளிம்பையும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும். மரத்துப் போக ஊசி போட்டு, பல் மருத்துவரின் நாற்காலியிலேயே இதைச் செய்து முடித்துவிடலாம்.

மாத்திரையாலும் ஈறு வளரும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பினிட்டாயின் மாத்திரை அப்படிப்பட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்கு ஈறு தடிக்கும். இதைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் அவர் வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார்.

கடைசியாக எலும்பு. மேல் தாடை எலும்பே கீழ்நோக்கி அதிகமாக வளர்ந்திருக்கும். அதனுடன் பல்லும் ஈறும் கீழே இறங்கியிருக்கும். இவர்களின் முகம் பொதுவாக நீளமாக இருக்கும். சும்மா இருக்கும்போது உதடுகள் தானாக மூடாது. முயற்சி செய்து மூட வேண்டும். அப்படி மூடும்போது மோவாய்த் தோல் சுருங்கி, ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழி குழியாக ஆகும். தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். வாய் உலரும். முன் ஈறு வீங்கும். ஆகவே இது அழகைப் பற்றிய பிரச்சினை மட்டும் அல்ல.

குறை எலும்பில் இருந்து, அதுவும் பெரிதாக இருந்தால்தான் தாடை அறுவை சிகிச்சை. சிறிய குறையாக இருந்தால் எலும்பில் சின்னத் திருகுகளைப் பதித்து, அவற்றிலிருந்து பல்லை மெல்ல மெல்ல மேலே இழுத்துச் சரிசெய்யவும் வழி உண்டு. உதட்டில் உள்ள குறைக்கு எலும்பை வெட்டுவது, கூரை ஒழுகும்போது சுவரை இடிப்பது போன்றது.

முகம் ஏன் கோணுகிறது?

எந்த மனிதரின் முகமும் இரு பக்கமும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது. சின்ன வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தால் யார் முகமும் கோணலாகத்தான் தெரியும்.

உண்மையிலேயே கோணல் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஐஸ் குச்சி போல நீளமான, தட்டையான குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வாயின் குறுக்கே வைத்து, இரு பக்கத்துக் கோரைப் பற்களாலும் மெல்லக் கடிக்க வேண்டும். எதிரே இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும். கண்கள் இரண்டும் ஒரு கோடு. குச்சி இன்னொரு கோடு. இரண்டும் சமமாக இருந்தால் மேல் தாடை மட்டமாக இருக்கிறது. குச்சி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் மேல் தாடை சாய்ந்திருக்கிறது. கொத்தனார் சுவரின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். மருத்துவமனையில் டாக்டரும் இப்படிப் பார்ப்பார். பிறகு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்து உறுதி செய்வார்.

சிலருக்குக் கோணல் பிறவியிலேயே வருகிறது. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு மேல் தாடை சரியாக வளராமல் போகலாம். சிலருக்குப் பதின்ம வயதில் தாடை மூட்டின் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளரும். அப்போது மோவாய் மறு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். தாடையில் கட்டி வந்தாலும் முகம் ஒரு பக்கம் பெரிதாகும். கட்டிக்கு உடனே சிகிச்சை செய்ய வேண்டும்.

இன்னொரு காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது வராமல் தடுக்கக்கூடியது.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. குழந்தை திண்ணையிலிருந்தோ, மாடிப்படியிலிருந்தோ, சைக்கிளிலிருந்தோ மோவாய் தரையில் அடிபடும்படி விழுகிறது. மோவாயில் தோல் கிழிகிறது. அங்கே தையல் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். ஆனால் அடியின் வேகம் மோவாயோடு நிற்பதில்லை. எலும்பு வழியாகக் காதோரம் வரை போகிறது. அங்கே மூட்டு எலும்பு முறிந்திருக்கலாம். வெளியே காயமே தெரியாது.

வலிக்குப் பயந்து குழந்தை வாயைத் திறக்காது. நாளாக நாளாக மூட்டு இறுகும். மூட்டின் இரு எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். அப்புறம் வாய் திறக்காது. அந்தப் பக்கத்துத் தாடை வளராது. மற்றப் பக்கம் வளர்ந்துகொண்டே போகும். மோவாய் அடிபட்ட பக்கமாக ஒதுங்கும். கீழ் தாடை ஒரு பக்கம் குட்டையானால் மேல் தாடையும் அந்தப் பக்கம் கீழே இறங்கி வளர முடியாது. இப்படி 5 வயதில் விழுந்த அடி, 15 வயதில் கோணல் முகமாகத் தெரிகிறது. காதில் சீழ் வந்து, அது மூட்டுக்குப் பரவினாலும் இதே கதிதான்.

குழந்தை மோவாய் அடிபட விழுந்தால் தையலோடு நிறுத்தக் கூடாது. தாடை மூட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குழந்தை தன்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக முன் பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றாலும், வாயைத் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாலும், உடனே பல் மருத்துவக் கல்லூரிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும். அங்கே வாய் திறக்கும் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். வலிக்கும். குழந்தை அழும். ஆனாலும் டாக்டர் சொன்னபடி பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை சொன்ன கோணல் எல்லாம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வருவது. முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணினால் விஷயமே வேறு. வாய் ஒரு பக்கம் இழுக்கும். பேச்சுக் குழறும். கை கால் பலவீனமாகும். அல்லது ஒரு கண் மூடாது. இது பக்கவாதமாக இருக்கலாம், முக நரம்பு நோயாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த வயதில் செய்யலாம்?

எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் தாடையை மாற்றி வைத்தால், அது மேலும் வளர்ந்து மறுபடியும் கெட்டுப்போகும். அதனால் வளர்ச்சி நிற்கும் வரை காத்திருக்கிறார்கள். பெண்களுக்குச் சுமார் 16, 17 வயது ஆக வேண்டும். ஆண்களுக்கு 18 அல்லது அதற்கு மேல். ஒரு பக்க மூட்டு மட்டும் வளரும் நோய் இருந்தால், வளர்ச்சி நின்றுவிட்டதா என்று தனியாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூட்டு ஒட்டி வாய் திறக்காத குழந்தைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. சாப்பிட முடியாமல், பல் தேய்க்க முடியாமல், தூக்கத்தில் மூச்சு முட்டி அவதிப்படும் குழந்தைக்குச் சீக்கிரமே மூட்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். முகக் கோணலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வயது இன்னொரு விதத்திலும் முக்கியம். வயது ஏற ஏற மேல் உதடு தளர்ந்து கீழே இறங்கும். 20 வயதில் தெரிந்த ஈறு 50 வயதில் அவ்வளவாகத் தெரியாது. அனுபவமுள்ள டாக்டர் தாடையை அளவுக்கு மேல் ஏற்ற மாட்டார். கொஞ்சம் ஈறு தெரியும்படி வேண்டுமென்றே விட்டுவைப்பார். ஒரேயடியாக ஏற்றிவிட்டால், பிற்காலத்தில் பேசும்போது மேல் பல்லே தெரியாது. பல் இல்லாத கிழவர் முகம் போல ஆகிவிடும்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம்

பல் மருத்துவக் கல்லூரிகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பது புதிதல்ல. ஒரு தாய் தன் 20 வயது மகளை அழைத்துக்கொண்டு வருகிறார்.

“டாக்டர், கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் ஆபரேஷன் செய்து முகத்தைச் சரிசெய்துவிடுங்கள்.”

“அம்மா, மூன்று மாதத்தில் முடிகிற வேலை இல்லை இது. முதலில் பல்லுக்குக் கம்பி போட்டு வரிசைப்படுத்த வேண்டும். அதற்கே ஒரு வருடம் ஆகலாம். அப்புறம்தான் ஆபரேஷன். அதற்குப் பிறகும் சில மாதம் கம்பி இருக்கும். மொத்தம் ஒன்றரை, இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“வேறு இடத்தில் உடனே செய்கிறேன் என்கிறார்களே?”

“சில பேருக்கு முதலில் ஆபரேஷன் செய்து பிறகு கம்பி போடுவதும் உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது. அப்படிச் செய்தாலும் கல்யாணத்தன்று முகத்தில் வீக்கம் இருக்கலாம், உதடு மரத்துப் போயிருக்கலாம். அது இருக்கட்டும். உங்கள் மகள் என்ன சொல்கிறாள்? அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

இந்தக் கடைசிக் கேள்வி சும்மா கேட்டதல்ல. 18 வயது ஆனவருடைய உடம்பில் அறுவை சிகிச்சை செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். தாய் தந்தையின் ஆசை போதாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்பதும் போதாது. சிரித்தால் ஈறு தெரிவது அந்தப் பெண்ணுக்குப் பெரிய விஷயமாகவே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இவ்வளவு பெரிய சிகிச்சை எதற்கு?

இந்த வழி எப்படித் தெரிந்தது?

பிரான்ஸ் நாட்டில் ரெனே லெ ஃபோர் என்ற டாக்டர் இருந்தார். முகத்தில் பலமாக அடிபட்டால் எலும்பு எங்கே உடைகிறது என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர்களின் தலைகளைப் பல விதமாக அடித்து, பிறகு எலும்பைச் சோதித்தார். முகம் கண்டபடி உடைவதில்லை, குறிப்பிட்ட மூன்று கோடுகளில்தான் பெரும்பாலும் உடைகிறது என்று 1901ஆம் ஆண்டில் எழுதினார். அந்த மூன்று கோடுகளில் கீழே உள்ளது மேல் பற்களின் வேருக்குச் சற்று மேலே, மூக்கின் அடியோடு போகிறது. இன்று அறுவை சிகிச்சை செய்பவர்கள் அந்தக் கோட்டிலேதான் எலும்பை அறுக்கிறார்கள். அந்த அறுப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் நெடுங்காலம் டாக்டர்களுக்கு ஒரு பயம் இருந்தது. மேல் தாடையை முழுதாக அறுத்துவிட்டால் அதற்கு இரத்தம் எப்படிப் போகும்? எலும்பு செத்துப் பல் உதிர்ந்துவிடாதா? 1960களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஹியூகோ ஒப்வெகேசர் என்ற டாக்டர் மேல் தாடையை முழுதாகப் பிரித்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்திக் காட்டினார். அமெரிக்காவில் வில்லியம் பெல் என்ற டாக்டர் குரங்குகளில் சோதனை செய்தார். அண்ணத்தின் சதையையும் கடைவாய்ப் பக்கத்துச் சதையையும் அறுக்காமல் விட்டால், அவற்றின் வழியாகவே தாடைக்குப் போதுமான இரத்தம் போகிறது என்று கண்டார். அதற்குப் பிறகுதான் இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். மூச்சுக் குழாயை வாய் வழியாக விடாமல் மூக்கு வழியாக விடுகிறார்கள். வாயில்தானே வேலை!

முகத்தின் வெளியே எங்கும் கத்தி படாது. மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்து, உதட்டின் உட்புறம், ஈறுக்கு மேலே அறுக்கிறார்கள். அதனால் வெளியே தழும்பு தெரியாது. எலும்பு கண்ணுக்குத் தெரிந்ததும், பல் வேருக்கு மேலே இடைவெளி விட்டு, சிறிய ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார்கள். பின்பக்கம் மெல்லிய உளியால் பிரிக்கிறார்கள். மேல் தாடை, பல், அண்ணம் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகக் கீழே இறங்கும். சதையோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது அளவு பார்த்து எலும்பைக் குறைக்கிறார்கள். தரையில் உரசும் கதவைத் தச்சர் என்ன செய்கிறார்? கதவைக் கழற்றி, வேண்டிய அளவு இழைத்துவிட்டு, மறுபடியும் மாட்டுகிறார். அது போலத்தான். தாடை 4 மில்லிமீட்டர் ஏற வேண்டும் என்றால், அந்த அளவு எலும்புப் பட்டையை எடுத்துவிட்டுத் தாடையை மேலே ஏற்றுகிறார்கள். சாய்ந்த தாடையாக இருந்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் எடுக்கிறார்கள். ஆடுகிற மேசைக்கு ஒரு காலை மட்டும் குறைப்பது போல.

தாடை மேலே ஏறும்போது மூக்கின் உள்ளே இடம் குறையும். அதனால் மூக்கின் நடுத்தட்டையும் அடியில் கொஞ்சம் வெட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மூக்கு வளைந்துவிடும். மூக்கின் அடி அகலமாகிவிடாமல் இருக்க உள்ளே ஒரு தையலும் போடுகிறார்கள்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை அந்த நேரத்தில் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. முன்பே பல்லின் அச்சை எடுத்து, சுண்ண மாதிரி செய்து, அதை வெட்டி ஒட்டிப் பார்த்திருப்பார்கள். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் இதைச் செய்கிறார்கள். அந்த அளவுப்படி ஒரு பிளாஸ்டிக் தகடு தயாராக இருக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் அந்தத் தகட்டில் பொருந்தினால் தாடை சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சின்னப் பிளேட்டுகளை வைத்து, திருகு ஆணிகளால் முடுக்குகிறார்கள். பொதுவாக 4 பிளேட்டுகள் வைப்பார்கள். அந்தக் காலத்தில் பிளேட் கிடையாது. எலும்பைக் கம்பியால் கட்டி, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டி, சுமார் 6 வாரம் வாயைத் திறக்கவே விடமாட்டார்கள். பிளேட் வந்த பிறகு அந்தச் சித்திரவதை பெரும்பாலும் ஒழிந்தது.

முகக் கோணல் உள்ளவர்கள் பலருக்கு மேல் தாடையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. கீழ் தாடையையும் அறுத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சிலருக்கு மோவாயையும் தனியாக நகர்த்த வேண்டும். இவற்றை ஒரே நாளில் செய்வது உண்டு. மேல் தாடை மட்டும் என்றால் 2, 3 மணி நேரம் ஆகும். எல்லாம் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

ஆபத்து உண்டா?

உண்டு. எந்த ஆபத்தும் இல்லை என்று சொல்பவரை நம்பக் கூடாது. இரத்தம் அதிகமாகப் போகலாம். சீழ் பிடிக்கலாம். மாற்றி வைத்த எலும்பு கொஞ்சம் பழைய இடத்துக்கே நகரலாம். மிக அரிதாக, இரத்த ஓட்டம் குறைந்து பல்லோ எலும்பின் பகுதியோ கெட்டுப்போகலாம். கன்னமும் மேல் உதடும் ஈறும் மரத்துப் போவது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். கீழ் தாடையையும் அறுத்தால் கீழ் உதடும் மோவாயும் மரத்துப் போகலாம். அது சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

இரத்த சோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பீடி, சிகரெட், குட்கா, பான் மசாலா பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே அதை விட வேண்டும். புகையிலை காயத்தை ஆற விடாது. பாக்கும் குட்காவும் போட்டு வாய் திறக்காமல் போனவருக்கு மயக்கம் கொடுப்பதே கஷ்டம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு சம்மதப் பத்திரம் கொடுப்பார்கள். “இங்கே ஒரு கையெழுத்து” என்று விரலால் காட்டுவார்கள். உடனே போட்டுவிடக் கூடாது. உட்கார்ந்து முழுவதும் படிக்க வேண்டும். என்ன சிகிச்சை, மேல் தாடை மட்டுமா, கீழ் தாடையுமா, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டாக்டர் இந்த விவரங்களை நோயாளிக்குப் புரியும்படி சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு வேறு சிகிச்சை செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விலக்கு. பத்திரம் தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கே போகலாம்?

வாய், தாடை, முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்த டாக்டர் இதைச் செய்கிறார். கம்பி போடும் டாக்டரும் அவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு “நாளைக்கே வாருங்கள்” என்றால் யோசிக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது தொடங்கினார். இன்று அது அவர் பெயராலேயே அரசுக் கல்லூரியாக இருக்கிறது. டெல்லி, லக்னோ, மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியைவிட இங்கே செலவு மிகவும் குறைவு. ஆனால் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு இடம் இல்லை. அடிபட்டதாலோ பிறவிக் குறையாலோ வந்த கோணல் என்றால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுப் பார்க்க வேண்டும். தனியாரிடம் போனால் கம்பி, ஆபரேஷன், மயக்க மருந்து, பிளேட், படுக்கை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு மட்டும் ஒரு தொகை சொல்லிவிட்டு, பிளேட்டுக்குத் தனியாக இன்னொரு பில் நீட்டும் இடங்களும் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் நன்றாக வீங்கியிருக்கும். கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீக்கத்தில் பெரும் பகுதி 2, 3 வாரங்களில் வடியும். மீதி மெதுவாக, சில மாதங்களில் வடியும். தலையை உயர்த்தி வைத்துப் படுத்தால் நல்லது. மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசியலாம். சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரத்தம் நிற்காமல் கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதலில் கஞ்சி, மோர், பால், பருப்புத் தண்ணீர். பிறகு குழைந்த சோறு, கிச்சடி, ஊறிய இட்லி. சுமார் 6 வாரம் எதையும் கடித்து மெல்லக் கூடாது. உடம்பு கொஞ்சம் இளைக்கும். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். பல்லோடு பல்லை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தால், தலைமாட்டில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்க வேண்டும். வாந்தி வந்தால் ரப்பரை வெட்டிவிடலாம். எதை வெட்டுவது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே வீட்டில் உள்ள ஒருவர் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு கூடிய பிறகு கம்பி போடும் டாக்டரிடம் மறுபடியும் போக வேண்டும். அவர் பல் கடியைச் சரிசெய்து, சில மாதம் கழித்துக் கம்பியைக் கழற்றுவார். கழற்றியதும் பல் நகராமல் இருக்க ஒரு பிடிப்புத் தகடு கொடுப்பார். அதை எத்தனை மாதம் போடச் சொல்கிறாரோ அத்தனை மாதமும் போட வேண்டும். உள்ளே வைத்த டைட்டானியம் பிளேட் துருப்பிடிக்காது. அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சீழ் பிடித்தாலோ உறுத்தினாலோ மட்டும் எடுப்பார்கள்.